ஒத்தக்கண்ணன் மேடேறிய கதை

என் கையெழுத்தை இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். கொம்பு வைக்க வேண்டிய இடத்தில் கால் போட்டிருப்பேன், சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். போன வாரம் அச்சில் வந்ததைப் பார்த்தேன். நான் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது. அச்சுக்கூடத்தில் இதைத் திருத்துகிறவர் யாரோ, அவர் கண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

போன வாரம் குதிரைகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் மோட்டார்.

அதை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு சத்தம்தான் வருகிறது. புக்கிட் தீமா மேடு. வெயில் ஏறிவிட்டது. இஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது. ஆனால் சக்கரம் உருளவில்லை, ஊர்கிறது. பக்கத்தில் அன்னாசிப்பழம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அதே மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. மாடுகள் எங்களுக்குச் சரிசமமாக நடக்கின்றன. அதில் ஒன்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

வண்டிக்காரர் நம்ம ஆள். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னா தம்பி, கயிறு தரட்டுமா? கட்டி இழுத்துட்டுப் போறேன்."

பின் சீட்டிலிருந்து முனியாண்டி அண்ணன் விடவில்லை. "உன் மாட்டுக்கே மூச்சு வாங்குது. நீ வந்து இதுல உக்காரு லா. மாட்டையும் மடியில வச்சுக்க!"

நான் சிரிக்கவில்லை. சக்கரம் ஒரு நொடி நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வண்டி கையை விட்டுப் போகும். அத்தோடு என் பிழைப்பும் போகும். அது ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாய்க்காலில் கிடந்தது

ஊருக்கு மோட்டார் வண்டிகள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். எங்கள் முதலாளியை எல்லோரும் ராவுத்தர் என்றே கூப்பிடுவோம். சிராங்கூன் சாலையில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில், குதிரை லாயம் வைத்து வாடகை வண்டி விட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சைஸ் வேலை பார்த்தேன், அதாவது குதிரை வண்டி ஓட்டுகிறவன். முனியாண்டி அண்ணன் லாடம் அடிப்பார், சேணம் தைப்பார். இரண்டையும் செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவார்.

சுவா சூ காங் பக்கம் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் தன் மோட்டாரை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. குதிரைக்குப் புல் விலை பேசப் போயிருந்த ராவுத்தர் அதைப் பார்த்தார். மறுநாள் எருமைகளைப் பூட்டி அதை இழுத்துக்கொண்டு லாயத்துக்கு வந்து சேர்ந்தார். குதிரைகள் காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கின.

"என்ன முதலாளி, செத்த வண்டியைப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார் முனியாண்டி அண்ணன்.

"செத்திருந்தா நாத்தம் அடிக்கும்லா. மோந்து பாரு. எண்ணெய் வாசனைதான் வருது. உசிரு இருக்குப்பா."

விழுந்ததில் முன் விளக்கு ஒன்று நொறுங்கிப்போயிருந்தது. மற்றது பித்தளை மின்ன அப்படியே இருந்தது. ராவுத்தர் கடைசிவரை இரண்டாவது விளக்கு வாங்கவே இல்லை. அதனால் தெருவில் அதற்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர் விழுந்தது.

பல கை பட்ட வண்டி

கம்பெனியிலிருந்து வந்த வண்டி என்று அதைச் சொல்ல முடியாது. வளைந்த முன் அச்சை எங்கள் லாயத்துக் கொல்லுலையிலேயே பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினோம். உடைந்த சக்கர ஆரக்கால்களுக்குப் பதிலாக மாட்டு வண்டி ஆசாரி புதுக் கால்கள் இழைத்துப் போட்டார். பின் சீட்டு சுக்குநூறாகியிருந்தது. ஓடாத குதிரை வண்டி ஒன்றின் சீட்டைத் தூக்கி அதில் பொருத்தினார் முனியாண்டி அண்ணன். உட்கார்ந்தால் குதிரை வண்டி, எட்டிப் பார்த்தால் மோட்டார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தோட்டத்து மலாய் டிரைவர். சாயங்காலங்களில் வருவார். அதிகம் பேச மாட்டார். கையை எடுத்து எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைப்பார், தலையாட்டுவார். எனக்கு அப்படிப்பட்ட வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருந்தால் ஐந்தாம் வகுப்பும் படித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் மோட்டார் கிளப் ஒன்று வருடத்தில் சில தடவை பந்தயம் வைக்கும். பணம் கட்டினால் யார் வண்டியும் ஓடலாம். எங்கள் முதல் பந்தயம் கடற்கரைச் சாலையில் நடந்தது. நேர் ஓட்டம். கொடி இறங்கியது. மற்ற வண்டிகள் போய்விட்டன. ஒத்தக்கண்ணன் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுகொண்டான். எண்ணெய் போகிற குழாயில் வைக்கோல் துரும்பு. லாயத்தில் வளர்ந்த மோட்டாருக்கு வேறு என்ன நோய் வரும்? அதற்குப் பிறகு எண்ணெயை மல்லுத் துணியில் வடிகட்டாமல் ஊற்றியதில்லை.

இரண்டாவது, மேடேறும் பந்தயம். பாதி மேட்டில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பி, முன்னால் பாதையே தெரியவில்லை. திரும்பி வந்ததும் தகரக்காரரைக் கூப்பிட்டு இஞ்சின் மூடியில் வரிசையாகக் காற்றுவழி வெட்டினோம். பாரம் குறையட்டும் என்று பின் சீட்டின் இரும்புக் கம்பிகளையும் முனியாண்டி அண்ணன் கழற்றினார். தன் பிள்ளைக்கு மொட்டை அடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் கழற்றினார்.

இப்படி ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வண்டி கொஞ்சம் தேறியது. ராவுத்தரின் பொறுமை மட்டும் தேயத் தொடங்கியது.

கூவத் தெரியாதவன்

படகுத்துறைப் பக்கத்துச் சாயாக் கடையில், எல்லோரும் இருக்கும்போது ராவுத்தர் சொன்னார்.

"அடுத்தது தீவைச் சுத்துற ஓட்டம். நிக்காம சுத்திட்டு வந்தா கிளப்பு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதைக் கையில வச்சிருந்தாத்தான் கப்பல்ல வர்றவன் நம்ம வண்டியை நம்பி ஏறுவான். வந்தா இது வாடகை மோட்டார். வரலேன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிட்டு நான் குதிரையோட கிடக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நான் கூச்சப்படுகிறவன். இன்றைக்கும் அப்படித்தான். குதிரை வண்டி ஓட்டுகிறவனுக்குக் கடிவாளம் பிடிப்பது பாதி வேலைதான். படகிலிருந்து இறங்குகிறவர்களைக் கூவிக் கூப்பிட வேண்டும், மற்ற வண்டிக்காரர்களை முந்திக்கொண்டு அவர்கள் மூட்டையைப் பிடிக்க வேண்டும், வழி நெடுக வாடகைக்கு வாதாட வேண்டும். என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் ஆள் வேறு வண்டியில் ஏறியிருப்பார். பல நாள் குதிரைக்கு வெறும் நடைதான் மிச்சம். ராவுத்தர் நல்லவர் என்பதால் என்னை வைத்திருந்தார். வேறு ஒருவரிடம் ஒரு மாதம் தாண்டியிருக்க மாட்டேன்.

மோட்டாரைப் பார்த்தால் கூட்டம் தானாக வரும். யாரும் கூவ வேண்டாம். இஞ்சின் ஓடும்போது யாரும் பேச்சும் கொடுக்க மாட்டார்கள். அந்த ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று தோன்றியது. இதை யாரிடம் சொல்ல முடியும்? முனியாண்டி அண்ணனிடம் சொன்னால் அன்றே சிராங்கூன் சாலை முழுக்கத் தெரிந்துவிடும்.

தோல் என்றால் எண்ணெய்

ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ராவுத்தர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலடிப் பலகையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

அங்கேதான் கிளச் இருக்கும். பெரிய கூம்பு மாதிரி ஒரு சாமான், அதைச் சுற்றித் தோல் ஒட்டியிருக்கும். இஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுப்பது அந்தத் தோலின் பிடிதான். பிடித்தால் வண்டி போகும். வழுக்கினால் இஞ்சின் மட்டும் தனியாகச் சுற்றும்.

"அடப் பாவமே!" என்றார் ராவுத்தர். "தோல் எப்படிக் காஞ்சு கிடக்கு பாரு. முனியாண்டி, நீயெல்லாம் ஒரு சேணக்காரனாப்பா?"

முனியாண்டி அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "காலையில போடலாம்னு இருந்தேன் முதலாளி."

விளக்கெண்ணெய்க் குப்பி வந்தது. சேணத்துக்குப் போடுகிற அதே எண்ணெய். ராவுத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஊற்றினார். அண்ணன் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் துணியால் நன்றாகத் தேய்த்தேன். குதிரைக்காரர்களுக்குத் தோலைக் கண்டால் எண்ணெய்தான் ஞாபகம் வரும். எங்களில் ஒருவருக்கும் சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. வேலை முடிந்ததும் ராவுத்தர் திருப்தியாக, "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு" என்றார்.

அரக்கு வைத்த மூடி

காலையில் பாடாங் திடலில் வண்டிகள் வரிசையாக நின்றன. கிளப் ஆட்கள் ஒவ்வொரு வண்டியின் இஞ்சின் மூடியையும் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். முத்திரை உடையக் கூடாது, சக்கரம் நிற்கக் கூடாது, ஏறியவர் வழியில் இறங்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஆள். எங்கள் வண்டிக்கு வந்தவர் ஒரு யுரேசியக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளை உடுப்பு, கையில் பென்சில். எங்களோடு மலாயில் பேசினார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். ராவுத்தரும் முனியாண்டி அண்ணனும் பின்னால்.

சிராங்கூன் சாலையில் எங்கள் தெரு ஆட்கள் முழுக்க நின்றிருந்தார்கள். பால்காரர்கள் மாடுகளை ஓரம் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ "ஒத்தக்கண்ணா, கண்ணடிச்சுட்டுப் போடா!" என்று கத்தினார்கள். எனக்குக் காது சூடானது.

தெம்பனிஸ் மணல் பாதையில்தான் முதல் தடவை கவனித்தேன். இஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டது, வண்டி கொஞ்சம் குறைவாகப் போனது. மணல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மண்டாய்ப் பக்கம் காட்டுச் சாலை நிழலும் குளிர்ச்சியுமாக இருந்தது. ராவுத்தர் பின்னால் தூங்கிப்போனார். சுவா சூ காங் திருப்பத்தில் அண்ணன் அவரை எழுப்பி, "முதலாளி, நம்ம வண்டி குளிச்ச வாய்க்கால்!" என்று காட்டினார். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு புக்கிட் தீமா மேடு வந்தது.

மூக்குப்பொடியும் மற்றதும்

மாடு என்னைத் திரும்பிப் பார்த்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் பின் சீட்டிலிருந்து முன்னால் எட்டிக் குனிந்து காலடிப் பலகையைத் தூக்கினார். "முதலாளி! உள்ள எண்ணெய்க் குளமா நிக்குது. தோல் வழுக்குது!"

"மண்ணை அள்ளிப் போடு!"

"மண்ணு ரோட்டுல இருக்கு, நான் வண்டியில இருக்கேன்! இறங்கினா ஆட்டம் போச்சு."

ராவுத்தர் இடுப்பைத் தடவினார். மூக்குப்பொடி டப்பா வந்தது. திறந்து அப்படியே கொட்டினார். சுற்றுகிற கூம்பு அதில் பாதியைத் திருப்பி எங்கள் முகத்திலேயே வீசியது. முதலில் அண்ணன் தும்மினார், பிறகு நான். கிராணி தும்மிய தும்மலில் பென்சில் வெளியே போய் விழுந்தது. மாட்டு வண்டிக்காரர் கைகொட்டிச் சிரித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சற்றே பிடித்தது, மறுபடி வழுக்கியது. பொடி போதவில்லை.

சக்கரம் நிற்கப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அண்ணே," என்றேன். "என் இடுப்புல சுருக்குப் பை இருக்கு. திருநீறு."

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கோயிலில் வாங்கி நிரப்பிக்கொள்வேன். அன்று காலையில்தான் நிரப்பிய பை. அண்ணன் பின்னாலிருந்து கையை விட்டு என் இடுப்பைத் துழாவினார். கூச்சத்தில் நான் நெளிய, வண்டியும் நெளிந்தது. பையை எடுத்துவிட்டார். எடுத்தவர் போடவில்லை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்ப்பா," என்றார் ராவுத்தர். குரல் இறங்கியிருந்தது. "அது உன் சாமிக்கு உள்ளது. கால் படுற இடத்துல போடாதே. என் வண்டி போனாப் போகுது. இன்னொரு வண்டி வாங்கிக்கலாம்."

அப்படிச் சொன்ன மனுஷருக்காகவே அதைப் போடத் தோன்றியது. சாமி என்ன நினைப்பார் என்று யோசித்தேன். தினமும் காலையில் நெற்றியில் பூசிக்கொண்டு, இன்றைக்குக் கூவாமல் ஒரு சவாரி கிடைக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது அவருக்குத் தெரியும்.

"போடுங்க அண்ணே."

அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மீதியைக் கொட்டினார். உள்ளிருந்து வெள்ளையாய்ப் புகை எழுந்தது. இஞ்சினின் கத்தல் சட்டென்று கனத்த உறுமலாக மாறியது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் ஒத்தக்கண்ணன் முன்னால் பாய்ந்தான். கிராணியின் தொப்பி பின் சீட்டுக்குப் போனது. மாட்டு வண்டி பின்தங்கியது. "அடேய், கயிறு வேணுமாடா?" என்று அண்ணன் திரும்பி நின்று கத்தினார்.

பந்தலில் கேட்ட கேள்வி

பாடாங்குக்கு வந்து சேர்ந்தோம். அரக்கு உடையவில்லை, சக்கரம் நிற்கவில்லை. ஆனால் கிராணி நேர்மையான மனுஷர். வழியில் என்னவோ பொடி போட்டார்கள் என்று அவர் சொல்லத்தானே வேண்டும்? எங்களைப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மீசை வைத்த பெரிய வெள்ளைக்காரர். சுற்றிலும் மற்ற வண்டிக்காரர்கள், அவர்களின் மனைவிமார்கள், குளிர்பானம் கொடுக்கிற ஆட்கள். வழியில் எதையும் வாங்கிப் போடக் கூடாது, முன்னாலேயே காட்டாத சாமான் எதையும் வண்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதியாம். ராவுத்தர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மீசைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படகுத்துறையில் இருபது வண்டிக்காரர்களுக்கு நடுவே கூவச் சொன்னால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார். மேசைமேல் என் சுருக்குப் பை கிடந்தது.

"சாம்பல், துவான்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாகச் சொல்."

"சாம்பல்! சாமி கும்பிடுகிற சாம்பல்!" பந்தல் முழுக்கக் கேட்டது. குளிர்பானக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வண்டிக்காக எடுத்து வந்தாயா?"

அண்ணன் என் முதுகில் கிள்ளினார். ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாரா, இல்லை என்று சொல்லச் சொல்கிறாரா என்று புரியவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"இல்லை, துவான். எனக்காக. தினமும் இடுப்பில் இருக்கும்." நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

மீசைக்காரர் பையைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்களோடு ஆங்கிலத்தில் பேசினார். ஒருவர் பலமாக மறுத்துத் தலையாட்டினார். இன்னொருவர் சிரித்தார். கிராணி என்னவோ சொல்ல வந்து, பாதியில் ஒரு பெரிய தும்மல் போட்டார். அதற்குப் பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள்.

முடிவைக் கிராணிதான் வந்து சொன்னார். மனுஷன் உடம்பில் போட்டுக்கொண்டிருப்பது உடுப்போடு சேர்ந்தது, அது வண்டிச் சாமான் ஆகாது. மேட்டில் ஊர்ந்ததற்கு மதிப்பெண் குறைப்பு. கோப்பை கிடையாது. சான்றிதழ் உண்டு.

ராவுத்தர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தொண்டை இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சேப்பா!" என்றார்.

"இருந்ததை ஒரே நாள்ல செலவழிச்சுட்டான் முதலாளி," என்றார் அண்ணன். "இனி அடுத்த வருஷம்தான்."

அதற்குப் பிறகு

மறுநாள் மலாய் டிரைவர் வந்து உள்ளே பார்த்தார். எண்ணெயும் மூக்குப்பொடியும் திருநீறும் சேர்ந்து குழம்பாகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிக் காட்டினார். எண்ணெயில் ஒரு விரலை நனைத்து, இவ்வளவுதான் என்று காட்டினார். ராவுத்தர் அவருக்கு அன்று பிரியாணி போட்டார்.

அதற்கப்புறம் வண்டியில் எப்போதும் தோல் வழுக்கினால் போட ஒரு டப்பா வெள்ளைக் களிமண் பொடி இருக்கும், முன்னாலேயே காட்டி அனுமதி வாங்கியது. ஒத்தக்கண்ணன் இன்னும் சில வருடம் ஓட்டங்களுக்குப் போனான். ஒரு தடவை இரண்டாவதாக வந்தான். ஒரு தடவை வழியில் சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடியது. கிளப் அதைக் கணக்கில் எடுத்திருந்தால் முதல் பரிசே கிடைத்திருக்கும். கோப்பை என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வண்டியின் முன்னால் மாட்டி, படகுத்துறையில் கொண்டு போய் நிறுத்தினேன். முதல் நாள். குதிரை வண்டிக்காரர்கள் வழக்கம்போல் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். படகிலிருந்து வயதான சீனத் தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்து, விளக்கை ஒரு தடவை தடவிப் பார்த்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்காரரும் ஏறினார்.

"ரயிலடி," என்றார்.

நான் தலையாட்டினேன். கிளச்சை மெல்ல விட்டேன். தோல் பிடித்தது.

எழுதி முடித்தது: ஆனி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு.